மலைக்குப் போட்டுப்போன பருத்தி பனியன்

போன வருடம் நானும் நண்பர் செல்வராஜும் ஒரு மழைக்காட்டு மலையில் ஏறப் போனோம். அடிவாரத்தில் எங்கள் பைகளைப் பார்த்த வழிகாட்டி, "பருத்தி வேண்டாம் சார். நனைஞ்சா காயாது, குளிர் ஏறிடும்" என்று சொல்லி, செல்வராஜிடம் ஒரு பாலியெஸ்டர் சட்டையை நீட்டினார்.

நான் இருபது வருடமாகப் பனியன் கம்பெனியில் துணி பரிசோதிப்பவன்.

"திருப்பூர்க்காரனுக்கே துணியைப் பத்திச் சொல்றீங்களா?" என்று சிரித்தேன். "அதைத் திருப்பிக் குடுத்துடுங்க செல்வராஜு. எக்ஸ்போர்ட் காட்டன் இருக்கறப்ப இதைப் போட்டா ஊருக்கே கேவலமுங்க."

அவரும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார்.

மதியம் பிடித்த மழை மாலை வரை விடவில்லை. ஒல்லியான செல்வராஜுக்கு நடுக்கம் வந்தது. பிறகு அது நின்றது. தேறிவிட்டார் என்றே நினைத்தேன். ஆனால் அவர் அப்படியே சரிந்தார்; வழிகாட்டி தொட்டுப் பார்த்து, "குளிர் உள்ளே ஏறிடுச்சு சார்" என்று அவரைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். பாதி வழியிலேயே செல்வராஜுக்கு மூச்சு நின்றுவிட்டது.

காரியம் முடிந்த அன்று அவர் மனைவி கேட்டார்: "கூட வந்த வழிகாட்டி ஒண்ணுமே சொல்லலீங்களா அண்ணா?"

"இல்லீங்க" என்றேன்.

இப்போதும் அவர் அந்த மனிதரைச் சபிக்கிறார். நான் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.