பங்கு போடாத இடம்

சென்ற சனிக்கிழமை கணினி மறுபடியும் கைவிரித்துவிட்டது. நினைவகம் போதவில்லை என்று ஒரே வரி... ஒலிப்பதிவைத் திருத்தும் மென்பொருள் தானாக மூடிக்கொண்டது.

கணினி என்னுடையதன்று, என் மனைவி வசந்தாவுடையது. பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடங்களை வாசித்துப் பதிவுசெய்வார். கடைசிப் பாடத்தை வாசித்து முடித்தார். அதன் இரைச்சலை நீக்க அவருக்கு ஆயுள் போதவில்லை. மாணவர்களுக்கோ அடுத்த மாதம் பரீட்சை. வேலை எனக்கு வந்தது.

நினைவகம் நிரம்பினால், லினக்ஸ் மிகுதியை வட்டில் 'ஸ்வாப்' என்ற பகுதியில் இறக்கிவைக்கும். அதைப் பெருப்பித்தால் போதும். ஆனால், இடம்? பட்டியலில் தெரிந்த பகுதிகள் யாவும் நிரம்பியிருந்தன. வசந்தாவின் பழைய மூலப்பதிவுகளை அழிப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவற்றுக்குப் பிரதி கிடையாது.

மனம் வராமல், கொட்டாஞ்சேனையிலுள்ள மச்சாள் ராதாவை அழைத்தேன். வசந்தாவின் தங்கை, வங்கியொன்றின் கணினிப் பிரிவிலிருந்து ஓய்வுபெற்றவர். பஸ் பிடித்து எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அழிக்கப் போறீங்களோ? அத்தான், உங்களுக்குக் கலாநிதிப் பட்டம் தந்தவைக்கு விசர்!"

"வட்டு நிரம்பிட்டுது, ராதா."

"பிரிச்சுக் குடுத்த இடம்தான் நிரம்பினது. பிரிக்காத இடம் கிடக்கோ எண்டு பார்த்தனீங்களோ?"

பார்க்கவில்லை. அப்படியொன்று இருக்கும் என்றே எனக்குத் தெரியாது!

ராதா ஒரு கட்டளையைத் தட்டினார். வசந்தா வட்டை 'லொஜிக்கல் வொலியூம்' முறையில் பிரித்திருந்தார் – தேவைப்படும்போது ஒரு பகுதியை நீட்டிக்கொள்ளலாம். அதற்கென்றே கால்வாசியை எதற்கும் ஒதுக்காமல் விட்டிருந்தார். ஒதுக்காத இடம், பாவம், நான் பார்த்த பட்டியலில் எப்படி வரும்?

"அக்கா வீட்டிலயும் ஒரு அறையைச் சும்மாதான் வச்சிருந்தவ. நீங்கள்தான் அதுக்குள்ளயும் புத்தகத்தை அடுக்கினீங்கள்."

நான் எழுந்து தேநீர் போட்டுவந்தேன்.

ஸ்வாப்பை நிறுத்தி, அதன் பகுதியை நீட்டி, புதிதாக வடிவமைத்து, மறுபடி இயக்கினார். தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது. பதிவு முழுமையாகத் திறந்தது.

இரைச்சல்களை நீக்கிக்கொண்டே போனோம் – காலி வீதி பஸ்களின் ஹோர்ன், மின்விசிறி, பக்கத்து வீட்டுக் குக்கர்... பிறகு என் குரல்: "வசந்தா, தேத்தண்ணி?"

"பொறுங்கோ, வாறன்."

ராதாவின் கை நின்றது. "இதையும் வெட்டவோ, அத்தான்?"

என் கேள்வியை மட்டும் வெட்டச் சொன்னேன்.

ஆகவே, மாணவச் செல்வங்களே, பாடத்தின் நடுவே "பொறுங்கோ, வாறன்" என்று உங்கள் ரீச்சர் சொன்னால் குழம்ப வேண்டாம். அது பரீட்சைக்கு வராது.