நாகலக்ஷ்மி டீச்சர் தேடிய சைக்காலஜிஸ்ட்

எங்கள் பக்கத்து வீட்டு நாகலக்ஷ்மி டீச்சர் சேலையூர்ப் பள்ளி ஒன்றில் கணக்கு எடுத்தவர். அவர் கணவர் பத்ரிநாராயணன் சாரின் தம்பி, போன வருஷம் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் மாரடைப்பு வந்து சரிந்து விழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் இறந்துபோனார். அதுவரை ஒரு தலைவலி மாத்திரைகூடப் போடாத மனிதர்.

அதன்பிறகுதான் சார் மருத்துவ ஆராய்ச்சிகளைப் படிக்க ஆரம்பித்தார். முதலில் நல்லதாகவே இருந்தது. உப்பைக் குறைத்தார், காலையில் நடந்தார். பிறகு படிக்கிற ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பண்டம் தட்டிலிருந்து போயிற்று. எண்ணெய், அரிசி, பால். அவரே நல்லதென்று வாங்கச் சொன்ன ஓட்ஸும் புது ஆராய்ச்சி ஒன்று வந்ததும் குப்பைக்குப் போனது. சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது.

"ஏன்னா, ரெண்டு வாய் ரசஞ்சாதமாவது சாப்பிடக் கூடாதா?" என்று டீச்சர் கேட்பார்.

"நீ படிச்சுட்டு பேசு" என்பார் சார்.

சாரின் இதயத்தைப் பரிசோதித்த டாக்டர், டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டார். "உடம்புல ஒண்ணும் இல்லம்மா. நல்ல சைக்காலஜிஸ்ட்டா பாத்து கூட்டிட்டுப் போங்க" என்றார். யாரிடம் என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை.

டீச்சர் போனில் தேடிக் கண்டுபிடித்த முதல் விலாசத்தில் டியூஷன் சென்டர் நடந்துகொண்டிருந்தது. "அந்த மேடம் காலி பண்ணிகினு போயி ரொம்ப நாளாவுதும்மா" என்றார் கீழே இருந்த கடைக்காரர். அடுத்த விலாசம் தேடி ஊரப்பாக்கத்துக்குப் போனால், அங்கே பிளஸ் டூ முடித்தவர்களுக்கு அடுத்து என்ன படிக்கலாம் என்று ஆலோசனை சொல்கிறார்கள். டீச்சர் வெயிலில் பஸ்ஸுக்கு நின்று திரும்பி வந்தார்.

கடைசியில் கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் ஒரு வீட்டு மாடியில் அபிகாயில் என்ற சைக்காலஜிஸ்ட் கிடைத்தார். கெஞ்சிக் கூத்தாடி சாரை அழைத்துப் போனார் டீச்சர். சார் உட்கார்ந்ததுமே, இந்தச் சிகிச்சைக்கு ஆதாரம் போதாது என்று தான் படித்த கட்டுரை ஒன்றை விளக்கினார். அபிகாயில் முழுவதையும் கேட்டுவிட்டு, "தம்பி இறந்த செய்தி உங்களுக்கு எப்படி வந்தது சார்?" என்றார்.

சார் எழுந்து மாடிப்படி இறங்கிவிட்டார்.

"அவரா வரணும்மா. இழுத்துட்டு வர முடியாது" என்றார் அபிகாயில். "வேணும்னா நீங்க வாங்க."

"எனக்கு என்ன மேடம்?"

"நீங்க சரியா தூங்கறீங்களா?"

சார் எழுந்துபோன நாற்காலியில் டீச்சர் உட்கார்ந்தார்.

இப்போது சனிக்கிழமைகளில் டீச்சர் மட்டும் போகிறார். காய் வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு. அங்கே பேசுகிற நேரம் மனது கொஞ்சம் லேசாக இருக்கிறதாம். வீட்டுக்கு வந்தால் எல்லாம் பழையபடிதான். அபிகாயில் சொன்னபடி சாரோடு வாதாடுவதை விட்டுவிட்டார். சாரும் படிப்பதை விடவில்லை.

போன வாரம் சாருக்குக் காபியும் நின்றது. டீச்சர் தனக்கு மட்டும் கலக்கிக்கொள்கிறார்.

"குடிக்கலாமா வேண்டாமான்னு இப்பல்லாம் எனக்கே பயமா இருக்கு" என்றார் என்னிடம்.