துலுக்காணத்தின் வலைக்கயிறு

சம்பூர்ணம் அக்காவுக்குச் சொந்த ஊர் ஆரம்பாக்கம். கட்டிக்கொண்டவன் சரியில்லை என்று பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து, அதன்பிறகு டீச்சர் வேலைக்குப் படித்தவர். பழவேற்காடு ஏரிக்கரை மீனவர் குப்பத்தில் ஊரார் கூடி ஒரு கீற்றுக்கொட்டகைப் பள்ளிக்கூடம் போட்டபோது முதல் டீச்சராக வந்தார். இரண்டாவதாக வந்தவள் நான், விக்டோரியா. அவருக்குப் பொறுமை அதிகம், எனக்கு வாய் அதிகம்.

பையன்கள் தானாகவே வந்தார்கள். பெண்பிள்ளைகளைத்தான் வீடு வீடாகப் போய்க் கெஞ்ச வேண்டியிருந்தது. அதிலும் துலுக்காணம் இருக்கிறாரே, குப்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் தன் மகள் கங்கம்மாளை அனுப்பினால்தான் மற்றவர்களும் அனுப்புவார்கள். அக்கா நடையாய் நடந்தார். கடைசியில் ஒருநாள் மனிதர் இறங்கி வந்தார்.

"அனுப்பறேன் டீச்சரம்மா. ஆனா பசங்க எவன் கையும் எம்பொண்ணு மேல படக்கூடாது. பட்டுச்சு, அன்னியோட நிறுத்திடுவேன்."

அதற்குத் தானே பொறுப்பு என்று அக்கா வாக்குக் கொடுத்தார். கங்கம்மாளைப் பார்த்து வேறு சில பெண்களும் வர ஆரம்பித்தார்கள்.

1969இல் டென்மார்க்கிலிருந்து நாலைந்து இளைஞர்கள் கிராமத்துப் பள்ளிகளைப் பார்க்க வந்தார்கள். குப்பமே திரண்டு வேடிக்கை பார்த்தது. கொட்டகைக்கு முன்னால் மணலில் நம் பெண்கள் கும்மியடித்துக் காட்டினார்கள். பதிலுக்குத் தங்கள் ஊர் ஆட்டத்தைக் காட்டுகிறோம் என்று, பாவம், அவர்களுக்கு என்ன தெரியும், ஒரு பையன் ஒரு பெண் என்று மாற்றி மாற்றி வட்டமாக நிறுத்திக் கைகோக்கச் சொன்னார்கள். கங்கம்மாளுக்கு இரண்டு பக்கமும் பையன்கள். அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். துலுக்காணம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விருட்டென்று கரைப்பக்கம் போய்விட்டார்.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. எல்லாம் போச்சு, நாளைக்கு ஒரு பெண்ணும் வராது என்று என் காதில் முணுமுணுத்தார். வெள்ளைக்காரர்களை நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று நான் கிளம்பினேன். வந்த விருந்தாளிகள் மனம் நோகக்கூடாது என்று அக்கா என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினார். அந்தப் பொறுமை மேல் எனக்கு அப்படி ஒரு எரிச்சல் வந்தது.

அதற்குள் துலுக்காணம் திரும்பி வந்தார். தோளில் ஈரம் சொட்டச் சொட்ட வலை இழுக்கிற கயிறு. அதை வட்டத்தின் நடுவே போட்டார்.

"கைய வுட்டுட்டு இத்தப் புடிங்க. வல இஸ்க்கும்போது புடிக்கிறீங்க இல்ல?"

கரையில் வலை இழுக்கும்போது ஆணும் பெண்ணும் ஒரே கயிற்றைத்தான் பிடிப்பார்கள். அதை யாரும் தப்பு சொன்னதில்லை. இவ்வளவு படித்த எங்கள் இருவருக்கும் அது தோன்றவில்லை பாருங்கள். கங்கம்மாள்தான் முதலில் பிடித்தாள். கயிறு கைக்கு வந்ததும் பிள்ளைகளின் வாயில் தானாக 'ஏலேலோ' வந்துவிட்டது. அப்புறம் வட்டமாவது, ஆட்டமாவது! எல்லாரும் ஒரே பக்கமாக இழுக்கத் தொடங்கினார்கள். மறுமுனையைப் பிடித்திருந்த டென்மார்க்குக்காரர்கள் மணலில் குப்புற விழுந்து, சிரித்துக்கொண்டே எழுந்து, அந்தப் பாட்டைத் தங்களுக்கும் சொல்லித்தரச் சொன்னார்கள்.

அவர்கள் போன பிறகு அக்கா கயிற்றைச் சுருட்டித் துலுக்காணத்திடம் நீட்டினார். கங்கம்மாள் நாளைக்கு வருவாளா என்று கேட்க அவருக்குப் பயம். துலுக்காணம் கயிற்றை வாங்கவில்லை.

"இங்கியே கெடக்கட்டும் டீச்சரம்மா. நாளைக்கி எந்தம்பி பொண்ணுங்களும் கங்கம்மாவோட வருதுங்க. புடிக்க வேணுமில்ல?"

அக்கா அந்த ஈரக் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அப்பாடா என்று அவர் விட்ட மூச்சில் என் எரிச்சலும் போய்விட்டது. சேலையெல்லாம் மீன்கவிச்சி. எழுந்திருங்கக்கா என்றேன், கொஞ்ச நேரம் இருக்கேனே என்றார்.