தொய்ந்த கோடு

இ.சி.ஜி. அட்டையை வெள்ளிக்கிழமை என் கையில் கொடுத்தார்கள். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டிய டாக்டர் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். புதன்கிழமைதான் வருவார். அதுவரை அந்த அட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. செய்யாமல் இருக்கவும் முடியவில்லை.

சின்ன வயதில் மூட்டு வீங்கி ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, இதயத்தின் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது. அதிலிருந்து மாதம் ஓர் ஊசி. எழுபதுகளின் நடுவில், நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு, துடிப்பு தாறுமாறாக ஓடத் தொடங்கியது. அதை அடக்க ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, வாரத்தில் ஐந்து நாள். சனி, ஞாயிறு கிடையாது. நீர் பிரிய இன்னொரு மாத்திரை. ஆறு மாதம் கழித்து மறுபடி சோதிக்கலாம் என்றார் டாக்டர். "மோசமாகலைன்னா இப்படியே ஓட்டலாம்மா. மோசமாயிருந்தா மெட்ராஸ்ல ஆபரேஷன்."

அந்த ஆறு மாதம் முடிந்துதான் அட்டை வந்திருந்தது. ஆபரேஷன் உண்டா இல்லையா என்பது அதில் இருக்கிறது என்று நான் நினைத்தேன்.

வேறு யாராக இருந்தாலும் அட்டையை அலமாரியில் வைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். நான் பாலிடெக்னிக்கில் படித்தவள். சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் கடலோரமாக நடந்துகொண்டிருந்த ஒரு பெரிய கட்டுமானத்தில், அளவுக் கருவிகளைச் சோதிக்கும் பட்டறையில் எனக்கு வேலை. காகிதச் சுருள் நகர, அதன் மேல் பேனா ஓடி, அழுத்தத்தையும் வெப்பத்தையும் கோடாக எழுதும் கருவிகள். கோடு எங்கே தொய்கிறது, ஏன் தொய்கிறது என்று பார்ப்பதுதான் நாள் முழுக்க என் பிழைப்பு. இ.சி.ஜி.யும் காகிதத்தில் ஓடும் கோடுதான்.

அப்போதெல்லாம் அந்த நீளக் காகிதத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஓர் அட்டையில் ஒட்டிக் கொடுப்பார்கள். பழைய அட்டை வீட்டில் இருந்தது. சனிக்கிழமை மதியம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, டிவைடரும் பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழையதில் துடிப்புகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. புதியதில் விலகி நின்றன. நல்லது என்று குறித்துக்கொண்டேன். பிறகு அதைக் கண்டேன். ஒவ்வொரு கூர்முனைக்குப் பிறகும் கோடு மட்டத்துக்குத் திரும்பி நேராகப் போக வேண்டும். பழையதில் அப்படித்தான் போனது. புதியதில் ஈரத்துணி போட்ட கொடி மாதிரி கீழே தொய்ந்திருந்தது. ஒரு துண்டில் அல்ல, பல துண்டுகளில்.

பட்டறையில் கோடு தொய்ந்தால் மூன்று சந்தேகங்கள் எழுதுவோம். எழுதும் கருவி, இணைத்த விதம், அளக்கப்படும் பொருள். கருவி அதேதான். இணைத்தவரும் அதே ஆள், அதே கட்டில், அதே காலை நேரம். முதல் இரண்டையும் அடித்தேன். மூன்றாவது மிஞ்சியது. அது நான்.

அன்றிலிருந்து எதிலும் மனம் நிற்கவில்லை. துணி மடித்தேன், மடித்ததைப் பிரித்தேன். இரண்டாம் தடவை அளந்தபோதும் அதே அளவு வந்தது. அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனைக்குப் போய்த் திரும்பி வந்தவர் மேசையைப் பார்த்தார்.

"இன்னும் அத்தயே பாத்துகினு கீறியா? பாத்துகினே இருந்தா நேராவுமா?"

"நான் கணக்குதாம்மா பாக்குறேன்."

"கணக்கு பாத்த மூஞ்சியா இது? சோறு ஆறுது, வா."

திங்கட்கிழமை கட்டுமான பஸ்ஸில், வரைபடப் பிரிவில் டிரேசராக இருந்த என் சிநேகிதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னாடி, மூஞ்ச தொங்கப் போட்டுகினு வர?"

அட்டையை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எறும்பு மையில வுழுந்து எழுந்து நடந்த மாதிரி கீது."

"இங்க பாரு. இந்த எடம் தொய்யுது."

"தொய்ஞ்சா இப்ப இன்னா? ஒரு டிரேசிங் பேப்பர் குடு, ஸ்கேல் வச்சி நேரா இழுத்துத் தரேன். உன் டாக்டருக்கு இன்னா தெரியப் போவுது?"

சிரித்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை அந்தச் சிரிப்பு தாங்கியது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, கழுத்தில் விரலை வைத்துத் துடிப்பைப் பிடித்துக்கொண்டேன். அவள் பார்த்தாள், என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கடல் வரும் வரை விடவில்லை.

புதன்கிழமை அம்மாவும் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டர் அட்டையை முதலில் தொடவே இல்லை. என்னை இடப்பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொல்லி, ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகு நேரம் கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் அட்டையை எடுத்தார்.

"சார், அந்தத் தொய்வு," என்றேன்.

"நீயே பாத்துட்டியா? மாத்திரைய நீ ஒழுங்கா சாப்பிடறேன்னு தெரியுது."

"புரியல சார்."

"அது அந்த வெள்ள மாத்திரையோட அடையாளம்மா. இத சாப்பிடற நிறைய பேருக்குக் கோடு இப்படித்தான் கிண்ணம் மாதிரி இறங்கும். அதனால மட்டும் இதயம் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல."

சோதனைக்கு முன்னால் எது எது மாறியிருக்கிறது என்று எழுதிவைப்பது பட்டறையில் முதல் பாடம். கருவி, கட்டில், நேரம் எல்லாம் எழுதினேன். மாத்திரை என் நினைவுக்கே வரவில்லை. பழைய அட்டை எடுத்தபோது நான் அதைத் தொடங்கியிருக்கவில்லை. இப்போதோ அது பல் தேய்ப்பது போல ஆகியிருந்தது. பல் தேய்த்தேன் என்று யாராவது குறித்துவைப்பார்களா?

"அப்ப மெட்ராஸ் போக வேணாம்," என்றேன். தோள் இறங்கியது எனக்கே தெரிந்தது.

"நான் அப்படிச் சொல்லலியே. வால்வு எவ்வளவு சுருங்கியிருக்குன்னு இந்தக் கோடு நேரா சொல்லாது. காதால கேட்டதுல எனக்குத் திருப்தி இல்ல. மத்தத நீதான் சொல்லணும். நடந்தா மூச்சு வாங்குதா?"

"இல்ல சார்."

நான் பொய் சொல்லவில்லை. எனக்கு மூச்சு வாங்கவில்லை.

"வாங்காதுங்க அய்யா," என்றார் அம்மா, கதவோரம் நின்றபடி. "வாங்குற எடத்துக்கே அது போறதில்லயே."

டாக்டர் அம்மா பக்கம் திரும்பினார்.

"டேசன் பாலம் ஏறி ரொம்ப நாளாச்சு. ரயில்வே கேட்டாண்ட சுத்திகினு போவுது. கேட்டா பாலத்துல கூட்டம்னு சொல்லுது. தண்ணிக் கொடம் நான்தான் தூக்குறேன். படுக்கறப்ப மூணு தலகாணி. கேட்டா காத்து வரலியாம்."

ஒவ்வொன்றும் நிஜம். பாலத்தில் கூட்டம் இருந்தது. வீட்டில் காற்று வரவில்லை. ஒவ்வொன்றாக வந்தபோது ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது, நானும் நம்பினேன். எங்கும் மேடு இல்லாதபடி என் நாளை நானே சமன் செய்துகொண்டிருந்தேன், அதைக் கவனிக்காமலே.

"தலகாணி எப்ப ரெண்டாச்சு, எப்ப மூணாச்சு?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

தொய்வு எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இது எனக்குத் தெரியவில்லை.

அவர் மெட்ராஸுக்குக் கடிதம் எழுதினார். அங்கே இன்னும் சில சோதனைகள் செய்வார்கள். முடிவை அவர்கள்தான் சொல்வார்கள். அநேகமாக ஆபரேஷன் என்றே சொல்வார்கள். மார்பின் பக்கவாட்டில் திறந்து, விரலை உள்ளே விட்டு, ஒட்டிக்கொண்ட வால்வை அகலப்படுத்துவது. "நிறைய பேர் எழுந்து வேலைக்குப் போறாங்கம்மா. தள்ளிப்போடாத, அவ்வளவுதான்." எழுந்திருக்காதவர்களைப் பற்றி நான் கேட்கவில்லை.

வெளியே வெயில். லீவு யாரிடம் கேட்பது, எத்தனை நாள், துணைக்கு யார், அம்மாவின் பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்று மனசுக்குள் வரிசை போட்டேன். ஒன்றைச் சேர்க்கும்போதே முந்தையது நழுவியது. வீட்டுக்குப் போகும் தெரு லேசாக மேடேறும். பாதியில் அம்மா ஒரு சுவரோரம் நின்று, சினிமா போஸ்டரை நிதானமாகப் பார்த்தார். என்னோடு நடக்கும்போதெல்லாம் இதே தெருவில் எங்காவது இப்படி நிற்பார். நானும் கூடவே நிற்பேன். போஸ்டரில் எழுத்துதான் நிறைய இருந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

"எனக்கு மூச்சு வாங்குதும்மா," என்றேன்.

"தெரியும். நில்லு," என்றார், போஸ்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.