அண்ணியும் விளக்கணைப்பானும்

என் அண்ணி நூலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறார். மொத்தம் பத்தொன்பது கணினிகள். அவற்றில் பாதி, அண்ணி எங்கள் வீட்டுக்கு வாழ வருவதற்கு முன்பே ஓய்வு பெற்றிருக்க வேண்டியவை. அவை இன்னும் ஓடுவதற்குக் காரணம் ஒரு இலவச இயங்குதளம். கணினிக்குள் இருக்கும் மற்ற எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிற மென்பொருளுக்கு அந்தப் பெயர் என்று அண்ணிதான் எனக்குச் சொல்லித் தந்தார். யாரும் விலைக்கு வாங்க வேண்டாம், உள்ளே திறந்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். பல ஊர்களில் இருக்கும் பதினைந்து பேர் சம்பளமில்லாமல் அதைப் பராமரிக்கிறார்கள். அந்தப் பதினைந்தில் அண்ணி ஒருவர்.

அவர் பொறுப்பில் இருந்தது ஒரே ஒரு சின்ன நிரல். பெயர் விளக்கணைப்பான். கணினியை அணைக்கும் பொத்தானை யாராவது அழுத்தினால், உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலிடமும் போய், கடை சாத்தப்போகிறோம், கையிலுள்ள வேலையை முடித்துவிட்டுக் கிளம்பு என்று சொல்லி, அது கிளம்பும்வரை நின்று, கடைசியில் விளக்கை அணைப்பது அதன் வேலை. ஒன்பது வருடத்துக்கு முன் அண்ணி எழுதியது. அண்ணியும் அப்படித்தான். எங்காவது போய்விட்டுத் திரும்பும்போது அந்த வீட்டில் எல்லாரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொள்வார், பூனை உட்பட. வெளியே அண்ணன் வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார்.

நான் எட்டாவதோடு நின்றவள். முன்னறையில் ஒரு எம்பிராய்டரி மெஷின் வைத்திருக்கிறேன். அதையும் ஒரு பழைய கணினிதான் ஓட்டுகிறது. பள்ளி முத்திரை, கடைப் பெயர் என்று சட்டைகளில் போட்டுக் கொடுப்பேன். அண்ணியின் மேசையும் அதே அறையில் இருப்பதால், அவர்கள் குழு ஞாயிற்றுக்கிழமை காலையில் திரையில் கூடும்போதெல்லாம் நானும் ஒரு ஓரத்தில் இருப்பேன். அவர்களுக்கு நான் ஒரு டகடக சத்தம், அவ்வளவுதான்.

ஆறு வருடமாக அந்தக் கூட்டத்தில் ஒரே சண்டை. எதிர்க்கட்சிக்காரருக்கு நெஞ்சுவரை தாடி. வீட்டில் நாங்கள் அவரைத் தாடி என்றே சொல்வோம். கணினியை எழுப்புகிற நிரல், அணைக்கிற நிரல், கடிகாரம் பார்க்கிற நிரல், நடந்ததையெல்லாம் குறித்துவைக்கிற நிரல் எனத் தனித்தனியாக இருந்த பதினொன்றையும் சேர்த்து ஒரே பெரிய நிரலாக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஆக்கியும் வைத்திருந்தார். அதன் பெயர் ஒருகூரை.

"அக்கா, உங்க பதினோரு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசாம மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டு உக்காந்திருக்காங்க," என்பார் தாடி. "ஒரே வீட்டுல வெச்சா அடுப்பாவது மிச்சம்."

"ஒரே வீட்டுல வெச்சா ஒருத்தருக்கு ஜுரம் வந்தா எல்லாரும் படுக்கணும், தம்பி." தம்பி என்று அண்ணி சொன்னால் உள்ளே கொதிக்கிறது என்று பொருள்.

"உங்க விளக்கணைப்பான் விளக்கை அணைக்கறதுக்குள்ள எங்கம்மா குளிச்சிட்டே வந்துடறாங்க."

"நிதானமாக் குளிக்கட்டும். உங்களுது பாதி சோப்புல தண்ணியை நிறுத்திடும்."

திரையில் பதினைந்து கட்டங்களில் பதின்மூன்று பேர் டீ குடித்தபடி வேடிக்கை பார்ப்பார்கள். செயலாளராக இருந்த பல் டாக்டர் அம்மா, சத்தம் எல்லை மீறினால் இரண்டு பேர் மைக்கையும் அணைத்துவிடுவார். "வாயை மூடுங்க. நாளெல்லாம் வாயைத் திறங்கன்னு சொல்றவ நான். என்னையே இப்படிச் சொல்ல வெக்கறீங்க."

போன வருடக் கடைசியில் தாடி ஒருகூரையை முறைப்படி முன்மொழிந்தார். அந்தக் குழுவில் ஒரு விதி உண்டு. முன்மொழிந்த மாற்றத்தைப் பதினான்கு நாளுக்குள் யாரும் மறுக்காவிட்டால் அது உள்ளே போய்விடும். மறுப்பவர் வாயால் மறுத்தால் போதாது, அந்த மாற்றத்தால் கெட்டுப்போகும் ஒரு மெஷினைக் காட்ட வேண்டும். அதையும் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் காட்ட வேண்டும். பழையது ஒரு வட்டிலும் புதியது ஒரு வட்டிலும் பெயர் தெரியாமல் தபாலில் வரும். நிரல் எழுதத் தெரியாத ஒருவர் உறையைப் பிரித்து, ஏதாவது அடையாளம் வைத்து, எது எது என்பதைக் கடைசி நாள்வரை தனக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

"பாப்பா, நீதான்," என்றார் அண்ணி. எனக்கு முப்பத்தாறு வயது. எங்கள் வீட்டில் நான்தான் பாப்பா.

"எனக்கு இதெல்லாம் தெரியாதே, அண்ணி."

"தெரியாததுதான் தகுதி. ஒருகூரை உள்ள போச்சுன்னா விளக்கணைப்பானை எடுத்துக் கடாசிடுவாங்க. பராமரிப்பாளர் பட்டியல்ல என் பேரு நிக்கறது அது ஒண்ணாலதான். அப்புறம் நானும் டீ குடிக்கிற கட்டத்துல போய் உக்காரணும்."

ஒவ்வொரு உறைக்குள்ளும் வட்டோடு, அது எது என்று எழுதிய ஒரு துண்டுச்சீட்டும் இருந்தது. படித்தேன். ஒன்றில் சிவப்பு நூலும் ஒன்றில் நீல நூலும் கட்டினேன். சீட்டுகளைப் பொத்தான் டப்பாவின் அடியில் வைத்தேன்.

சோதனைக்கு அண்ணி தேர்ந்தெடுத்தது என் மெஷினை. நீச்சல் சங்கம் ஒன்றுக்கு அப்போது பனியன்களில் மஞ்சள் வாத்து போட்டுக்கொண்டிருந்தேன். வால், உடம்பு, கழுத்து, தலை என்று வாத்து கீழிருந்து மேலே வரும். தினமும் சாயங்காலம் ஊசி கழுத்துக்கு வந்ததும் அணைக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். ஒழுங்காகக் காத்திருந்தால் மெஷின் ஊசியைத் தூக்கி, நூலை வெட்டி, நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு அணையும். அதற்கு நாற்பது விநாடி ஆகும். மறுநாள் அங்கிருந்தே தலையைப் போடலாம். அவசரப்பட்டால் ஊசி துணிக்குள்ளேயே நின்றுவிடும், விடுவித்தால் உடையும். நின்ற இடமும் மறந்துபோகும், அந்த வாத்துக்குத் தலை போட முடியாது.

முதல் நாள் சிவப்பு. நாற்பது விநாடி. ஊசி மேலே எழுந்தது, நூல் வெட்டுப்பட்டது, விளக்கு அணைந்தது. அண்ணி மெஷினைத் தடவிக்கொடுத்தார். "பாத்தியா, என்ன மரியாதை. இதுக்கு நூல் எதுக்கு? பெத்தவளுக்குத் தெரியாதா?"

இரண்டாம் நாள் நீலம். இருபது விநாடியில் பட்டென்று இருட்டு. ஊசி வாத்தின் கழுத்தில் குத்தி நின்றது, விடுவித்ததும் முறிந்தது. "உடைஞ்சுதா? அருமை," என்று அண்ணி கையைத் தட்டிக்கொண்டு படம் பிடித்தார். "தாடியோட கைவேலை. காட்டுமிராண்டி."

நான் குனிந்து உடைந்த ஊசியைக் கழற்றினேன். பொத்தான் டப்பாவில் இருந்த சீட்டுகளின்படி சிவப்புதான் ஒருகூரை. நீலம் விளக்கணைப்பான்.

மூன்றாம் நாள் சிவப்பைக் கொஞ்சினார். நான்காம் நாள் நீலத்தைத் திட்டினார், அதன் பரம்பரையையும் சேர்த்து. ஆறாம் நாள் அண்ணன் முன்னறைக்கு வந்தபோது மூன்று தலையில்லா வாத்துகள் மேசையில் கிடந்தன. நான் பனியனை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"சிரிக்கறியா அழறியா?" என்றார்.

"தெரியல, அண்ணே."

உண்மையில் தெரியவில்லை. அண்ணி தன் குழந்தையைத் திட்டி, சக்களத்தி குழந்தைக்கு முத்தம் கொடுப்பதைப் பார்த்தால் வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது. பட்டியலில் அவர் பெயர் அழியும் என்று நினைத்தால் சிரிப்பு பாதியிலேயே நின்றது. நூலை மாற்றிக் கட்ட எனக்கு அரை நிமிடம் போதும். கேட்பார் இல்லை. பத்தாம் நாள் டப்பாவைத் திறந்தும்விட்டேன். அப்போது அண்ணி உள்ளேயிருந்து அண்ணனிடம் சொல்வது கேட்டது. "நான்கூட சமயத்துல ஏமாத்துவேன். பாப்பா ஏமாத்த மாட்டா. அவ கட்டின முடிச்சை நான் ஏன் திருப்பிப் பாக்கணும்?" டப்பாவை மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி புதுப் புடவை கட்டிக்கொண்டு திரைமுன் உட்கார்ந்தார். ஏழு தலையில்லா வாத்துகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். பதின்மூன்று பேரும் டீயைக் கீழே வைத்துவிட்டார்கள். தாடி தாடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"நூல் கட்டினவங்க பேசணும்," என்றார் பல் டாக்டர் அம்மா.

அண்ணி தன் நாற்காலியில் என்னை உட்காரவைத்தார். பதினான்கு முகங்கள்.

"இவங்கதான் அந்த டகடக," என்று யாரோ சொன்னார்.

"சிவப்பு," என்றேன். "ஒருகூரை."

"கொஞ்சம் சத்தமா, அம்மா. வாயை நல்லாத் திறந்து."

"சிவப்பு ஒருகூரைங்க. வாத்தைக் கொன்னது எங்க அண்ணியோடதுங்க."

சீட்டுகளைத் திரையில் காட்டினேன். தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது. அண்ணியைத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. முதலில் பேசியது தாடி. ஜெயித்த முகமாக அது இல்லை, திருடி மாட்டிக்கொண்ட முகமாக இருந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். போன வருஷம் எங்கம்மா எழுதிட்டிருந்த கடிதத்தை ஒருகூரை பாதியில சாத்திடுச்சு. ரெண்டு நாள் அவங்க எனக்குச் சோறு போடல. உங்க விளக்கணைப்பான்ல காத்திருக்கிற பகுதியை அப்படியே எடுத்து உள்ள வெச்சுட்டேன். உங்க பேரை மேலயே போட்டிருக்கேன். எல்லாரும் திறந்து பாக்கலாம்னுதானே இருக்கு, பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

"உங்களோடதைத் திறக்க மாட்டேன்னு சபதம் போட்டிருந்தேன்," என்றார் அண்ணி. "சரி, நானும் சொல்லிடறேன். உங்கம்மா குளிக்கறதைச் சொல்லிச் சொல்லி மானத்தை வாங்கினீங்களே, போன மாசம் நானும் ஒரு கெடு வெச்சேன். இருபது விநாடி. செத்துக்கெடக்குற நிரலுக்கு மட்டும்தான். வேலையா இருக்கேன்னு பதில் சொன்னா அதுக்குக் கெடு கெடையாது."

"எங்க மெஷின் பதில் சொல்லுமே," என்றேன் நான்.

தாடி உடனே விளக்கணைப்பானைத் திறந்து எல்லாரும் பார்க்கத் திரையில் போட்டார். இரண்டு பேரும் மூக்கு இடிக்கும்படி குனிந்து படித்தார்கள். ஆறு வருடத்தில் இரண்டு பேரும் ஒரே பக்கத்தைப் படித்தது அன்றுதான்.

"அக்கா, பதினேழாவது வரி. மாத்திப் போட்டுட்டீங்க. பதில் சொல்றவனுக்குக் கெடு. வாயே திறக்காதவனுக்குக் கடைசிவரைக்கும் காத்திருக்கு."

என் பின்னாலிருந்து அண்ணியின் சிரிப்பு கிளம்பியது. வாய்விட்டு, தோள் குலுங்க, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தாடி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது. பல் டாக்டர் அம்மா யார் மைக்கை அணைப்பது என்று தெரியாமல் தன்னுடையதை அணைத்தார். சத்தம் கேட்டு வந்த அண்ணன், "யாரு ஜெயிச்சா?" என்றார். அண்ணி தாடியைக் காட்டினார். திரையில் தாடி அண்ணியைக் காட்டினார்.

"மறுப்பு நிக்குதா?" என்று டாக்டர் அம்மா முறைப்படி கேட்டார்.

அண்ணி ஒரு வாத்தைக் கையில் எடுத்து, கழுத்தைத் தடவினார். "நிக்கல," என்றார். "ஆனா அந்தக் காத்திருக்கிற பகுதியில யாராவது கை வெச்சீங்க, அப்புறம் இருக்கு."

"நாங்க ஏன் வெக்கறோம்? அதுக்குப் பராமரிப்பாளர் நீங்கதான். போன வருஷமே ஒருகூரையோட பட்டியல்ல போட்டாச்சு," என்றார் தாடி. "ரெண்டாவது பேரு."

"ரெண்டாவதா? முதல் பேரு யாரு?"

"நான்."

"ஏன், தம்பி?" என்று அண்ணி நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டார். அடுத்த சண்டை தொடங்கியது. நான் மெஷினுக்குத் திரும்பினேன்.

வாத்துகளை வாங்க வந்த நீச்சல் சங்கத்துக்காரரிடம் ஏழு பனியன்கள் வீணாகிவிட்டன என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "தண்ணிக்குள்ள தலையை விட்டிருக்கு. இது நல்லா இருக்கே. எல்லாத்தையும் இப்படியே போட்டுடுங்க," என்றார்.

அதற்கடுத்த வாரம் நூலகத்தின் பத்தொன்பது கணினிகளிலும் விளக்கணைப்பானை எடுத்துவிட்டு ஒருகூரையைப் போட வேண்டியிருந்தது. கூடமாட உதவ நானும் போனேன். பதினெட்டு முடிந்தது. பத்தொன்பதாவதின் பொத்தானை அண்ணி கடைசித் தடவையாக அழுத்தினார். உள்ளே ஏதோ ஒரு நிரல் பதில் சொல்லாமல் அழுத்தமாக உட்கார்ந்திருந்தது போலிருக்கிறது. விளக்கணைப்பான் நின்றது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி.

"வயரைப் பிடுங்கிடட்டுமா, அண்ணி?"

"சும்மா இரு, பாப்பா. அது கிளம்பும்போது கிளம்பட்டும்."

வெளியே அண்ணன் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார். அண்ணி இன்னொரு நாற்காலியை இழுத்து என் பக்கம் போட்டார்.