வெண்டலின் புல்வெட்டியும் இரண்டு வருட வாரண்டியும்

எங்கள் ஊரில் யாரும் யார் வீட்டுக்கும் சும்மா போவதில்லை. போனால் கையில் ஏதாவது இருக்க வேண்டும். இரவல் வாங்கிய ஏணி, வேலியைத் தாண்டி வந்த கிளையைப் பற்றிய புகார், மரத்தில் மிஞ்சிய எலுமிச்சம்பழம் ஒரு பை, இப்படி ஏதாவது. "சும்மாதான் வந்தேன்" என்று ஒரு மனிதன் வாசலில் நின்றால் உள்ளே இருப்பவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவார்கள். யாரோ செத்துப்போன செய்தி என்றுதான் நினைப்பார்கள். கலிபோர்னியாவில், டர்லாக்குக்குத் தெற்கே, பாதாம் தோப்புகளுக்கும் மாட்டுப் பண்ணைகளுக்கும் நடுவில் இருக்கிற ஊர் இது. இங்கேயே பிறந்து அறுபத்திரண்டு வயதைத் தொட்ட எனக்கும் இந்தப் புத்திதான். வெண்டல் பெர்கனைப் பற்றிச் சொல்லுமுன் இது தெரிந்திருக்க வேண்டும், அதனால் சொன்னேன்.

என் பெயர் டோரீன். கஸ் அமரல் நடத்தும் தோட்டக் கருவிக் கடையில் இருபத்திரண்டு வருடமாகக் கவுண்டரில் இருக்கிறேன். பின்கட்டில் கஸ் இன்ஜின்களைப் பிரித்து மேய்வான். முன்னால் வருகிற ஆட்களைச் சமாளிப்பதும் வாரண்டிப் படிவம் எழுதுவதும் என் பாடு.

பெட்ரோல் புல்வெட்டிக்கு இரண்டு வாரண்டி உண்டு. ஒன்று கம்பெனி தானாக மனமுவந்து கொடுப்பது. இன்னொன்று கலிபோர்னியா அரசு கழுத்தைப் பிடித்துக் கொடுக்க வைத்தது. அதைக் கடையில் நாங்கள் புகை வாரண்டி என்போம். ஊர்க் காற்றில் புகையும் பெட்ரோல் ஆவியும் கலக்காமல் தடுக்கிற உறுப்புகள் எல்லாம் அதில் சேர்த்தி. டேங்க், மூடி, குழாய், கார்புரேட்டர் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் அவை தாமாகக் கெட்டால் இலவசமாக மாற்றித் தர வேண்டும். பிளேடு மழுங்கினால் வராது. சக்கரம் கழன்றால் வராது. சொந்தக்காரர் சரியாகப் பார்த்துக்கொள்ளாததால் கெட்டிருந்தால் சுத்தமாக வராது. இயந்திரம் கை மாறினால் வாரண்டியும் புதுச் சொந்தக்காரருக்குப் போய்விடும்.

கழற்றிய உறுப்பை உடனே குப்பையில் போடவும் முடியாது. அதில் மஞ்சள் அட்டை ஒன்றைக் கம்பியால் கட்டி, பெயர், பழுது, காரணம் என்று மூன்று வரி நிரப்பி, அறுபது நாள் அலமாரியில் வைத்திருக்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் கேட்டால் அனுப்பவேண்டும் என்பதற்காக. கேட்கவே மாட்டார்கள். ஆனாலும் என் அலமாரியில் எப்போதும் இருபது முப்பது மஞ்சள் அட்டைகள் தொங்கும்.

வெண்டலின் புல்வெட்டியை வாங்கியது வெண்டல் அல்ல, அவர் மனைவி வயோலா. 2023 செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி. அவர்களுடைய மகள் ஐடஹோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்திருந்தாள். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறார்கள். மகளுக்குப் பிள்ளை பிறக்க இருந்தது, ஒரு மாதம் துணைக்கு இருந்துவிட்டு வருவதாக வயோலாவுக்குத் திட்டம். படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கவுண்டரில் என் கண்முன்னால்தான் அவள் கணவரிடம் சொன்னாள்.

"ரெண்டு வருஷ வாரண்டியாம். அது முடியறதுக்குள்ள நான் திரும்பி வந்துடுவேன், பயப்படாதீங்க. புல்லை மட்டும் காய விட்டுடாதீங்க."

நாங்கள் மூவரும் சிரித்தோம். வெண்டல் சிரித்த மாதிரிதான் எனக்கு நினைவு. அவர் சிரித்தால் அவ்வளவு சுலபமாகத் தெரியாது. முப்பத்து நான்கு வருடம் பீச் பழம் டப்பாவில் அடைக்கும் ஆலையில் பாய்லர் பார்த்தவர். அந்த இரைச்சலில் பேசிப் பயனில்லை என்று பேச்சையே குறைத்துக்கொண்டவர். நல்ல உயரம், கொஞ்சம் கூன், நூறு டிகிரி வெயிலிலும் கழுத்துப் பட்டன் வரை போட்ட சட்டை, பையில் ஒரு பென்சில்.

அடுத்த வசந்தத்தில் தனியாக வந்தார். பெட்ரோல் குழாயில் வெடிப்பு. நிஜமான பழுது, கம்பெனியின் தப்பு. வயோலா வந்துவிட்டாளா என்று கேட்டேன். பேரனுக்குப் பல் முளைப்பதால் இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்றார். கஸ் பிரித்துப் பார்த்து முடிக்கும்வரை ரம்பச் சங்கிலிகள் தொங்கும் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து, வாரண்டிப் புத்தகத்தைப் பென்சிலால் கோடிட்டுக்கொண்டே படித்தார். அந்தப் புத்தகத்தை முழுவதும் படித்த ஒரே மனிதர் என் அனுபவத்தில் அவர்தான். எழுதிய வக்கீல்கூடப் படித்திருக்க மாட்டான்.

பிறகு மாதம் ஒருமுறை வர ஆரம்பித்தார். மூடி சரியாக இறுகவில்லை. பெட்ரோல் வாசனை வருகிறது. சைலன்சர் சத்தம் மாறியிருக்கிறது. ஒருமுறை பிளேடு என்று ஆரம்பித்தவர், பட்டியலில் இல்லை என்று ஞாபகம் வந்து, பாதியிலேயே கார்புரேட்டர் என்று மாற்றிக்கொண்டார். கஸ் முறைத்தான். நான் படிவத்தில் கார்புரேட்டர் என்று எழுதினேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் வருவது எனக்குப் பிடித்திருந்தது. என் கணவன் என்னை விட்டுப் போய்ப் பதினேழு வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. சக்கர வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு வளாகத்தில் என் வீடு, வாசலில் புல்லுக்குப் பதில் கூழாங்கல். ஞாயிற்றுக்கிழமை வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாமல் திங்கட்கிழமை கடைக்கு வந்தால் முதல் வாடிக்கையாளரிடம் குரல் கரகரக்கும். வெண்டல் வரக்கூடிய வாரம் என்றால் கையிருப்பில் நல்ல காபித்தூள் இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். உதட்டுச்சாயம்கூடப் பூசினேன், இரண்டு தடவை. கஸ் கவனித்துவிட்டு, இன்றைக்குக் கடையில் கல்யாணமா என்று கேட்டான். அவனை வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கச் சொன்னேன்.

வெண்டலுக்கும் எனக்கும் நடுவில் வேறொன்றும் இல்லை. அவர் பேசியதெல்லாம் வயோலாவைப் பற்றித்தான். எப்போது வருகிறாள் என்று யாராவது கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வைத்திருப்பார். பல், ஜுரம், பனிப்பொழிவு, மகளின் வேலை. காரணங்கள் அவளிடமிருந்து வந்தவையா, அவராகச் செய்தவையா என்று நான் துருவியதில்லை. போன பிப்ரவரியில் ஒரு நாள் புத்தகத்தில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"டோரீன், தானா கெட்டதுன்னா கம்பெனி தப்பு, பாத்துக்காம கெட்டதுன்னா சொந்தக்காரன் தப்புன்னு போட்டிருக்கு. எதுன்னு யார் முடிவு பண்றது?"

"தெறந்து பாக்கறவங்கதான்."

"தெறந்து பாத்தா தெரிஞ்சுடுமா?"

"பெரும்பாலும் தெரிஞ்சுடும். வருஷக்கணக்கா ஒருத்தர் தொடவே இல்லன்னா உள்ள படிஞ்சிருக்கும்ல."

அவர் அந்த வரிக்கு அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். பிறகு, நாற்பத்தோரு வருடக் குடித்தனத்தில் வயோலா பேசும்போதெல்லாம் தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். இன்ஜினைப் பற்றிச் சொல்கிற அதே குரலில் சொன்னார். காபி ஆறுகிறது, குடியுங்கள் என்றேன்.

ஜூன் மாதம் இன்ஜின் ஓடவே இல்லை என்று கொண்டுவந்தார். கஸ் டேங்கை ஒரு கண்ணாடி ஜாடியில் வடித்து, வெண்டல் கழிப்பறைப் பக்கம் போயிருந்தபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். மேலே பெட்ரோல், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர்.

"ஏம்மா, நம்ம ஊர்ல கடைசியா மழை பேஞ்சது எப்போ?"

"ஏப்ரல்ல."

"அப்ப இது எங்கேர்ந்து வந்துச்சு? வானத்துலேர்ந்து இல்ல. தோட்டக் குழாய்லேர்ந்து."

இந்தத் தடவை விட்டுவிடுகிறேன், வடித்ததற்குப் படிவம் எழுத வேண்டாம் என்றான். ஜூலையில் வெண்டல் திரும்பி வந்தார். ஜாடியில் திரும்பவும் தண்ணீர். கஸ் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கத்தவில்லை.

"கெட்ட மனுஷன் இல்ல, எனக்குத் தெரியுது. ஆனா நான் பொய் எழுத மாட்டேன். தண்ணின்னு எழுதினா அந்த இன்ஜின் நம்பரைக் கம்பெனி குறிச்சு வச்சுடும், அப்புறம் எதுக்கும் வாரண்டி கிடைக்காது. நீ சொல்றியா, நான் எழுதட்டுமா?"

நானே சொல்கிறேன் என்றேன். நல்லதாகத்தான் நினைத்தேன். காபி போட்டுக்கொண்டே வார்த்தைகளைக் கோர்த்து வைத்தேன். நாற்காலி பக்கத்தில் போய், மெதுவாக, வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னேன்.

"வெண்டல், டேங்க்ல தண்ணி இருக்கு. அத விடுங்க. இங்க வந்து உக்காரறதுக்கு நீங்க எதையும் கெடுக்க வேணாம். கையை வீசிக்கிட்டு வாங்க. சும்மா வாங்க."

அவர் காது மடல் சிவந்தது. புத்தகத்தை மூடி, பென்சிலைப் பையில் வைத்தார்.

"உங்களுக்கெல்லாம் தொந்தரவு குடுத்துட்டேன்."

தொந்தரவு இல்லை என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ. அவர் தலையாட்டிக்கொண்டே புல்வெட்டியைத் தள்ளிக்கொண்டு போனார். பிக்கப் வண்டியில் ஏற்ற ஒரு பக்கம் நான் பிடித்தேன். நன்றி சொன்னார். காபிக் கோப்பை நாற்காலிக்கு அடியில் பாதி குடித்தபடி இருந்தது.

அதன்பிறகு வரவில்லை. எப்படி வருவார்? அவர் கையிலிருந்த ஏணியையும் எலுமிச்சம்பழத்தையும் நான் பிடுங்கி வைத்துக்கொண்டு, இப்போது வா என்றேன். இந்த ஊரில் பிறந்தவளுக்கு அது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, எனக்கு வேண்டியதை மட்டும் நினைத்துப் பேசிவிட்டேன்.

ஜூலை போயிற்று. ஆகஸ்ட் போயிற்று. அவர் வீட்டுக்கு என் வீட்டிலிருந்து காரில் பதினோரு நிமிடம். தெரு தெரியும், கதவு எண் படிவத்தில் இருக்கிறது. ஒருநாள் அந்தத் தெரு முனைவரை போய்த் திரும்பினேன். எதைச் சொல்லிக்கொண்டு கதவைத் தட்டுவது? என்னிடம் ரிப்பேரான இயந்திரம் ஏதுமில்லை. வாரண்டி முடிவதற்குள் எப்படியும் ஒருமுறை வருவார், அவர் கணக்குப் பார்க்கிற மனிதர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செப்டம்பர் முதல் திங்கட்கிழமை இங்கே தொழிலாளர் தினம், கடை விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலை நான் திறக்க வந்தபோது பின்வாசல் கம்பிக் கதவோரம் புல்வெட்டி நின்றது. கழுவித் துடைத்து, பிளேடுக்குச் சாணை பிடித்து, டேங்க் நிறையப் பெட்ரோலோடு. கைப்பிடியில் பிளாஸ்டிக் பையில் வாரண்டிப் புத்தகம். பக்கத்தில் எங்கள் கடை மஞ்சள் அட்டை ஒன்று, ஒழுங்காகக் கம்பி முறுக்கிக் கட்டியிருந்தது. எப்போது எடுத்து வைத்துக்கொண்டாரோ.

மூன்று வரியும் பென்சிலால் நிரப்பியிருந்தார். பெயர் என்ற இடத்தில் என் பெயர். பழுது என்ற இடத்தில், இயந்திரத்தில் ஒன்றுமில்லை. காரணம் என்ற இடத்தில், சொந்தக்காரர் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை.

அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இன்னும் கொஞ்சம் இருந்தது.

"டோரீன், நீங்க தெறந்து பாத்துச் சொன்னது சரி. அதை வயோலாகிட்ட நேர்ல சொல்லத்தான் ஐடஹோ போறேன். சேத்துக்குவாளான்னு தெரியல. அடுத்த சொந்தக்காரருக்கும் வாரண்டி செல்லும்னு ஆறாம் பக்கத்துல இருக்கு. மீதி பத்து நாள் உங்களோடது."

கஸ் பின்னால் வந்து நின்று தோளுக்கு மேலாகப் படித்தான். எதுவும் கிண்டல் செய்யவில்லை. கிளப்பிப் பார் என்றான்.

இந்த இரண்டு வருடத்தில் அந்த இன்ஜின் நன்றாக ஓடி நான் கேட்டதில்லை. அது எங்களிடம் வருவதே ஓடாதபோதுதானே. கயிற்றைப் பிடித்து இழுத்தேன். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. இருமல் இல்லை, புகை இல்லை, பெட்ரோல் வாடை இல்லை. சிமெண்ட் தரையில் வெட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"நிறுத்தலாமே" என்றான் கஸ். "நல்லாத்தானே இருக்கு."

நல்லாத்தான் இருந்தது. நான் கைப்பிடியை விடாமல் நின்றேன். குழாயில் ஒரு வெடிப்பு, மூடியில் ஒரு கசிவு, ஏதாவது ஒன்று இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டே நின்றேன். பத்து நாள் இருக்கிறது, யார் வாசலுக்காவது எடுத்துக்கொண்டு போய்க் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.