வெறும் பலகை

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஓர் ஊஞ்சல் தொங்குகிறது. கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டுக்கு நிலைக்கதவு செய்தபோது மிஞ்சிய தேக்குப் பலகையை அந்த வீட்டு ஆச்சி அப்பாவிடமே கொடுத்துவிட, அப்பா அதை இழைத்து, நாலு மூலையிலும் இரும்புச் சங்கிலி கோத்து உத்திரத்தில் மாட்டினார். அதில் உட்கார்ந்து எழுந்திருப்பவர்கள் பலகையைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டுத்தான் போகவேண்டும். ஆளில்லாத ஊஞ்சல் ஆடினால் வெளியூரில் இருக்கிறவர்களுக்கு ஆகாது என்பது அம்மா போட்ட சட்டம். அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் நான் அதை மீறவில்லை. போன தை மாதம் வரை அந்தப் பலகை வெறுமனே ஆடி நான் பார்த்ததே இல்லை. பார்க்க ஆசைப்பட்டவர் என் மதினி, அண்ணன் மனைவி.

அறுபதுகளின் நடுவில் ஓர் ஆவணியில் மதினி எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்கு ஊர் காளையார்கோவில் பக்கம். அந்த வருஷம் பங்குனியில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, மற்ற எல்லாப் பாடத்திலும் தேறி, விஞ்ஞானத்தில் மட்டும் தவறிவிட்டார். படித்தது போதும் என்று அவர் வீட்டில் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். அண்ணனுக்கு வடக்கே ஓர் இரும்பாலையில், வார்ப்புக்கு மர அச்சு செய்கிற வேலை. குடியிருக்க வீடு கொடுத்தபின் அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டு, தாலி கட்டிய பன்னிரண்டாம் நாள் ரயில் ஏறிவிட்டார். மதினி ஒரு தகரப்பெட்டியோடு எங்களுடன் தங்கினார். பெட்டியில் சேலைகளுக்கு அடியில் பழைய பௌதிகப் புத்தகம் இருந்தது. அதை முதல் வாரமே எடுத்து என்னிடம் காட்டி, "மறுபடி எழுதப் போறேன். நீயும் இந்த வருசந்தான எழுதுற? ரெண்டு பேரும் சேந்து படிப்போம்" என்றார். அவருக்கு என்னைவிட ஒரு வயதுதான் கூடுதல்.

நான் காரைக்குடியில் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு டவுன் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். வகுப்பில் நான் இருப்பதே பலருக்குத் தெரியாது. ஆஜர் சொல்லும்போதுகூடக் குரல் வராமல் கையைத் தூக்குவேன். மதினிக்கு அது தெரியாதோ, தெரிந்துதான் செய்தாரோ, தினமும் சாயங்காலம் நான் கொண்டுவந்த பாடத்தைப் படித்துவிட்டு, காலையில் நான் கிளம்பும்போது ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்புவார். "கேக்காம வந்தியோ, ஒங்கூடப் பேச மாட்டேன்" என்பார். முதல் கேள்வி எனக்கு இன்றும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. முற்றத்து வெயிலில் பித்தளைக் குடமும் மரப்பலகையும் சேர்ந்தேதான் கிடக்கின்றன. குடத்தைத் தொட்டால் கை பொரிகிறது, பலகை அவ்வளவாகச் சுடவில்லை. ஒரே வெயில்தானே இரண்டுக்கும்?

பஸ்ஸில் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். இரண்டு நாள் கேட்காமல் திரும்பி வந்தேன். மதினி சொன்னபடியே பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டுத் தூணைப் பார்த்து, "கொழம்பு வேணும்னா வாயத் தொறந்து கேக்கலாம்" என்றார். மூன்றாம் நாள் எழுந்து நின்றுவிட்டேன். "டீச்சர், எங்க மதினி கேக்கச் சொன்னாக" என்று ஆரம்பித்தேன். வகுப்பே சிரித்தது. விஞ்ஞான டீச்சர் சிரிக்கவில்லை. அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கேள்வி முழுவதையும் கேட்டுவிட்டு, "ரெண்டும் ஒரே சூட்டுலகூட இருக்கலாம். குடம் தன் சூட்டை உன் கைக்கு வேகமாத் தள்ளுது, பலகை தள்ளமாட்டேங்குது. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, "உங்க மதினி எந்த ஸ்கூல்?" என்று கேட்டார். "எங்க வீட்டுலதான் இருக்காக" என்றேன். மறுபடியும் சிரிப்பு.

அதற்கப்புறம் அது ஒரு வழக்கமாகிவிட்டது. பாடம் முடிந்து சாக்பீஸை வைத்ததும் டீச்சர் என் பக்கம் திரும்பி, "இன்னிக்கு மதினி என்ன கேட்டாங்க?" என்பார். பஸ் பிரேக் போட்டால் எல்லோரும் முன்னால் விழுகிறோமே, கண்டக்டர் மட்டும் ஏன் விழுவதில்லை? கோயில் திருவிழாவில் கோத்துக் கட்டிய சின்ன விளக்குகளில் ஒன்று போனால் வரிசையே இருட்டாகிறது, வீட்டில் கூடத்து பல்பு போனாலும் அடுப்படி பல்பு எரிகிறது, அது எப்படி? ஆறிப்போன காப்பி, சுற்றியிருக்கிற காற்றில்தான் அவ்வளவு சூடு இருக்கிறதே, அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு ஏன் தானாக மறுபடி சூடாவதில்லை? இந்தக் கடைசிக் கேள்விக்கு டீச்சர் சாக்பீஸை மறுபடி கையில் எடுத்து, எழுதாமலே கீழே வைத்துவிட்டார். "அது உங்க பாடத்துல இல்லை. சூடு எப்பவும் ஒரு பக்கமாத்தான் போகும், திரும்பி வராது. ஏன்னு கேட்டா, அதுக்குப் பெரிய படிப்பு படிக்கணும். நான் படிக்கும்போது இதை யார்கிட்டயாவது கேட்டேனான்னு யோசிக்கிறேன்" என்றார். அதை அப்படியே மதினியிடம் சொன்னேன். மதினி அன்று அடுப்படியில் பாத்திரம் தேய்க்கும்போது பாடிக்கொண்டே தேய்த்தார்.

ஊசல் பாடம் வந்தது கார்த்திகையில். கயிற்றில் கட்டிய குண்டு கனமாக இருந்தாலும் லேசாக இருந்தாலும் ஒருமுறை போய்வர ஆகும் நேரம் ஒன்றுதான். கயிற்றின் நீளத்தைப் பொறுத்துத்தான் அது மாறும். மதினி இதை நம்பவில்லை. "யானையும் எலியும் ஊஞ்சலாடுனா ஒண்ணாத்தான் வருமாக்கும்?" என்று கேட்டுவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டார். வீட்டில் கடிகாரம் கிடையாது. நாடி பார்த்து எண்ணுவது என்று முடிவு செய்தோம். நான் உட்கார, மதினி ஆட்டிவிட்டு, பத்து ஆட்டம் வரை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே முன்னும் பின்னும் ஓடினார். அடுத்து என் மடியில் அரிசி மூட்டையை வைத்து ஆட்டினார். மூட்டையோடு ஆடியபோது நாடி எண்ணிக்கை ஏகத்துக்கும் கூடிவிட்டது. "பாத்தியா, புத்தகம் பொய்!" என்று மதினி குதித்தார். அரிசி மூட்டையை எடுத்ததற்கு அம்மா வந்து திட்டப்போகிறாளே என்று எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதைச் சொன்னதும் மதினிக்குப் புரிந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒன் நாடிய நம்பி ஒரு கணக்கும் போட முடியாது போ. எனக்குத்தான் பயம்னா என்னன்னே தெரியாது, என் நாடியிலயே எண்ணுவோம்" என்றார். அப்படி எண்ணியதில் புத்தகம் மெய்யாயிற்று. மூட்டை, ஆட்டுக்கல் குழவி, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து, எப்படி ஆடினாலும் பத்து ஆட்டத்துக்கு மதினியின் நாடி முப்பத்தாறு.

"இப்ப வெறும் பலகை" என்றார் மதினி. பலகையைப் பின்னால் இழுத்துப் பிடித்திருந்தவர் விடுவதற்குள், மாவரைத்துக்கொண்டிருந்த அம்மா அந்தக் கையோடு ஓடிவந்து பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "அறிவிருக்கா ஒனக்கு? புருசன் அம்புட்டுத் தொலைவுல கெடக்கான். வெறும் ஊஞ்சல ஆட்டுறியே, ஆகுமா?" பலகையெல்லாம் மாவு. மதினி ஈரத்துணி கொண்டுவந்து துடைத்தார். அம்மா அங்குட்டுப் போனதும் என்னிடம் குனிந்து, "அது ஒண்ணு பாக்கி" என்றார்.

மாசிக் கடைசியில் அண்ணன் வந்தார். வீடு கிடைத்துவிட்டது, பத்து நாள் லீவு, திரும்பிப் போக இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று. அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மதினி எல்லோருக்கும் காப்பி கொடுத்தார், அண்ணனின் துணிகளை எடுத்து நனைத்தார், அடுப்படிக்குள் போய்விட்டார். அண்ணன் லீவு முடிந்த பிறகும் பரீட்சைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. மதினி அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. யாருக்கும் பயப்படாதவர் பேசாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அண்ணன் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் போகும்போது செய்வதுபோல வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். "அண்ணே, மதினி பரீச்சை எழுதிட்டு வரட்டும்ணே" என்றேன். அதுவரை கேட்டதெல்லாம் மதினியின் கேள்விகள். நானாகக் கேட்டது அது ஒன்றுதான்.

அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். "யாருடா பேசுறது? நம்ம வீட்டு ஊமையா?"

"அவளக் கெடுத்து வச்சிருக்கா ஒம் பொண்டாட்டி" என்றாள் அம்மா.

"ஒரு தடவை எழுதி முட்டை வாங்குனது பத்தாதாக்கும்?" என்று அண்ணன் சிரித்தார்.

அடுப்படிக்குள்ளிருந்து குரல் வந்தது. "முட்டை இல்லைங்க. இருபத்தெட்டு."

அண்ணனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவர் நல்ல மனுஷர்தான். ஆனால் டிக்கெட் எடுத்தாயிற்று. "அப்படி என்னதான் படிச்சீக ரெண்டு பேரும், சொல்லுங்க பாப்போம்" என்றார். நான் ஊஞ்சல் கதையைச் சொன்னேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "நானும் நீயும் ஒண்ணாக்கும்? நான் ஒன்னையப்போல ரெண்டு பங்கு. அதெப்படி ஒரே நேரத்துல வரும்? வந்துச்சுன்னா ஒங்க மதினி எழுதிட்டே வரட்டும். வரலைன்னா பெட்டியக் கட்டச் சொல்லு."

மதினி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். முதலில் நான் உட்கார்ந்தேன். மதினி ஆட்டிவிட்டு, பழக்கத்தில் தன் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து எண்ணினார். முப்பத்தாறு வரவில்லை. நாற்பத்தொன்பது. அண்ணன் உட்கார்ந்தபோது ஐம்பத்தைந்துக்கு மேல் போய்விட்டது. ஆறு மாதமாகக் கூடப் படித்தும், அவருக்கு அந்தப் பரீட்சை எவ்வளவு வேண்டியிருந்தது என்பது எனக்கு அந்த எண்களைக் கேட்டபோதுதான் தெரிந்தது.

"பாத்தியா, நான் சொன்னேன்ல!" என்றார் அண்ணன்.

"இல்லண்ணே. மதினிக்கு நாடி ஓடுது. இன்னைக்கு அத வச்சு எண்ணக்கூடாது. ஒங்க வாட்ச்சக் கழட்டித் தாங்க" என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அண்ணன் ஒரு நிமிஷம் மதினியைப் பார்த்தார். பிறகு வாட்ச்சைக் கழற்றிக் கொடுத்தார். அண்ணனுக்குப் பத்து ஆட்டம், எனக்குப் பத்து ஆட்டம், வாட்ச் முள் நின்ற இடம் ஒன்றாகவே இருந்தது. அண்ணன் அப்பாவையும் உட்காரவைத்துப் பார்த்தார். அப்பா வெற்றிலை மென்றுகொண்டே, "சங்கிலி நீளம் ஒண்ணுதானடா, பெறகென்ன" என்று சொல்லிவிட்டு எழுந்து, பலகையைப் பிடித்து நிறுத்திவிட்டுப் போனார். அண்ணன் ஒரு டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கக் காரைக்குடிக்குப் போனார். முதுகைப் பார்த்தால் கோபமாகத்தான் தெரிந்தது. வரும்போது இரண்டு புதுப் பேனா வாங்கிவந்தார்.

பரீட்சையில் ஊசலைப்பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை.

கடைசிப் பரீட்சை முடிந்த மூன்றாம் நாள், அதே இரும்பாலைக்குத் திரும்பிப் போகிற ஒரு குடும்பத்தோடு மதினியை அனுப்பினோம். காரைக்குடி ஸ்டேஷனில் ஜன்னல் வழியாக என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "அடியாத்தே, என்னா ஓட்டம் ஓடுது" என்றார். வண்டி நகரும்போது, "பலகை பாக்கி, மறந்துறாத!" என்று கத்தினார். பக்கத்தில் நின்றவர்கள் ஏதோ கடை பாக்கி என்று நினைத்திருப்பார்கள். வைகாசியில் முடிவு வந்தது. இரண்டு பேரும் தேறியிருந்தோம். விஞ்ஞானத்தில் மதினி என்னைவிடப் பதினொரு மார்க் கூட.

நான் அதோடு நிறுத்திக்கொண்டேன். உள்ளூரிலேயே மாப்பிள்ளை அமைந்தது, இந்த வீட்டிலேயே தங்கிவிட்டேன். மதினி அங்கே வரிசை வீடுகளில் இருந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு சாயங்காலங்களில் கணக்கும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுத்தார். எழுபதுகள் முழுக்க இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கோடையில் வருவார்கள். கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று பிள்ளைகள். வந்ததும் மதினி ஊஞ்சலைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். நான் தலையாட்டுவேன், இல்லை என்று. அம்மா இருந்தவரை அம்மாவுக்காக. அம்மாவுக்குப் பிறகு யாரும் தடுக்கவில்லை. பாடம் படித்தவளுக்கு, பலகை ஆடுவதற்கும் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற ஒருவருக்கும் சம்பந்தமில்லை என்பது தெரியாதா? தெரியும். ஆனாலும் மதினி அவ்வளவு தொலைவில் இருந்தார். கை போகவில்லை. பிள்ளைகள் குதித்து இறங்கினால் நான் எங்கிருந்தாலும் ஓடிவந்து பலகையைப் பிடித்துவிடுவேன், அம்மா மாதிரியே, மாவுக் கையோடு.

போன மார்கழியில் மதினி அங்கேயே காலமாகிவிட்டார். தந்தி கிடைத்து நாங்கள் போய்ச்சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அண்ணனையும் பிள்ளைகளையும் எங்களோடு அழைத்துக்கொண்டு திரும்பி வந்து, தை பிறந்து, ஒரு நாள் மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது ஊஞ்சல் பக்கத்தில் நின்றேன். இனி அதை யாருக்காகப் பிடித்து நிறுத்தவேண்டும்?

பழக்கத்தில் மணிக்கட்டைத் தொட்டேன். என் நாடியை நம்பி ஒரு கணக்கும் போட முடியாது. முப்பத்தாறு என்பது மதினியின் நாடி. அந்த அளவுகோல் இனி எங்கேயும் கிடைக்காது. சுவரில் இருந்த கடிகாரத்தைக் கழற்றிவந்து எதிரே வைத்துக்கொண்டு, முதலில் நானே உட்கார்ந்து காலால் உந்திப் பத்து ஆட்டம் பார்த்துக்கொண்டேன். பிறகு இறங்கி, பலகையைப் பின்னுக்கு இழுத்து, ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கையை விட்டேன். சங்கிலி கிறீச்சிட்டது. வெறும் பலகை போனது, வந்தது. பத்தாவது ஆட்டம் முடிந்தபோது கடிகார முள் அதே இடத்தில் இருந்தது.

ஒன்றுதான், மதினி. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போய்வர ஆகிற நேரம் ஒன்றுதான். ஆனால் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒருமுறை உந்தினால் எவ்வளவு நேரம் ஆடிக்கொண்டிருக்கும்? வெறும் பலகை அவ்வளவு நேரம் ஆடவில்லை. சீக்கிரமே குறுகி, லேசாக அசைந்து, நான் கை வைக்காமலே நின்றுவிட்டது. அது ஏன் என்று கேட்டு அனுப்ப இப்போது யாரும் இல்லை.